ஆன்கிரிட் இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திருநகர், விளாங்குடி, ஆனையூர், ஒத்தக்கடை என்று மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது மொட்டை மாடியில் பேனல் தெரிகிறது. 2024-ல் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு 3 கிலோவாட், 5 கிலோவாட் போட்ட வீடுகள் நிறைய. போட்ட சில மாதங்களில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்வெர்ட்டர் போச்சு."

பெரும்பாலும் போயிருக்காது. பேனல் தரும் டிசியை (நேர் மின்சாரத்தை) ஏசியாக (மாறுதிசை மின்சாரமாக) மாற்றி ஈபி லைனோடு சேர்ப்பது ஆன்கிரிட் இன்வெர்ட்டர். அது தானாக மின்சாரத்தை உண்டாக்கித் தள்ளும் கருவி அல்ல. ஈபி லைனின் அலையைப் பார்த்து, அதன் வேகத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பத் தன் கரண்ட்டை வடிவமைத்துச் செலுத்தும் கருவி. லைனில் பார்ப்பது பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளும்படிதான் அதற்குக் கட்டளை. ஆகவே பிழை எண்ணை மட்டும் படித்துவிட்டு போர்டை மாற்றச் சொல்வது பணத்துக்குக் கேடு. அந்தப் பிழை எந்த நேரத்தில், எந்த வானிலையில், பக்கத்தில் என்ன ஓடும்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பிழை எண்ணுக்குப் பின்னால் நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நேரம்தான்.

கை வைக்கும் முன் ஒரு விஷயம். ஏசி பக்கத்தை அணைத்தாலும் பேனல் பக்கம் டிசி இருந்துகொண்டே இருக்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க வழியில்லை. வீட்டுச் சிஸ்டத்திலேயே 400, 500 வோல்ட் வரும். முதலில் ஏசி எம்சிபி சுவிட்சை இறக்குங்கள், பிறகு பேனலைப் பிரிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்சைத் திருப்புங்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வடிய கம்பெனி சொன்ன நிமிடங்கள் காத்திருங்கள். கரண்ட் ஓடும்போது பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. டிசி ஆர்க் (பிரிக்கும்போது வரும் தீப்பொறி) ஏசி போலத் தானாக அணையாது, கையையும் கனெக்டரையும் சேர்த்து எரிக்கும். கீழே சொல்லும் அளவீடுகளில் மீட்டர் பிடித்துப் பார்ப்பது எல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. கிராஃப் படிப்பதும் நேரம் குறிப்பதும் வீட்டுக்காரர் வேலை.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறது

இது பிழையே இல்லை. நல்ல வெயிலில் ஈபி போய்விட்டது, பேனல் சும்மா கிடக்கிறது, வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கம்பத்தில் ஏறும் லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து 230 வோல்ட் திரும்பிப் போனால் ஓர் உயிர் போகும். இதைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக்கு ஆன்ட்டி ஐலண்டிங் என்று பெயர். ஐஎஸ் 16169 என்ற இந்தியத் தரம் இதற்கான சோதனை முறையைச் சொல்கிறது.

இன்வெர்ட்டர் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் (லைன் அலை விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதையும்) வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. தெருவில் உள்ள லோடும் சோலாரும் தற்செயலாகச் சமமாக இருந்தால் லைன் செத்தது தெரியாமல் போகலாம். அதனால் பல இன்வெர்ட்டர்கள் தங்கள் ஃப்ரீக்வென்சியை இடைவிடாமல் மிக லேசாக ஒரு பக்கம் தள்ளிப் பார்க்கும். பின்னால் உயிருள்ள கிரிட் (ஈபியின் மின் வலை) இருந்தால் அது அசைந்து கொடுக்காது. கிரிட் இல்லையென்றால் ஃப்ரீக்வென்சி நழுவி ஓடும், இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடும்.

மின்வெட்டிலும் வீடு ஓட வேண்டுமானால் பேட்டரியும் தனி பேக்கப் அவுட்புட்டும் உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அது ஈபியிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, தானே அலையை உருவாக்கித் தரும். சாதாரண ஆன்கிரிட்டை ஏமாற்றி, சின்ன யுபிஎஸ்ஸையோ ஜெனரேட்டரையோ காட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லோடு குறைந்ததும் மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் போகும். கல்யாண மண்டபம், மருத்துவமனை போன்ற இடங்களில் ஜெனரேட்டரோடு சோலாரைச் சேர்த்து ஓட்டுவதென்றால், ஜெனரேட்டர் ஒரு குறைந்தபட்ச லோடுக்குக் கீழே இறங்காமல் சோலாரை அடக்கிவைக்கும் கன்ட்ரோலர் கட்டாயம்.

பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' காட்டி நிற்கிறது

மதுரைப் பக்கம் அதிகம் வரும் புகார் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னும் அதிகமாக வரும். காரணத்தைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப் பலகையில் 11 கிலோவோல்ட் / 433 வோல்ட் என்று எழுதியிருக்கும். 433-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு ஃபேஸுக்கு 250 வோல்ட். அதாவது லோடே இல்லாத நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு 250 வருவது இயல்பு. லோடு ஏறும்போது வழியில் குறைந்து 230 ஆகட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மத்திய மின்சார ஆணையம் 2013-ல் கொண்டுவந்த இணைப்பு விதிமுறைப்படி, வோல்டேஜ் 80 முதல் 110 சதவீதத்துக்கு வெளியே போனால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலக வேண்டும். 230-க்கு 110 சதவீதம் 253. ஆக 250-க்கும் 253-க்கும் நடுவில் இருப்பது வெறும் 3 வோல்ட். உங்கள் சோலார் வெளியே அனுப்பும் கரண்ட் அந்த 3 வோல்ட்டை எளிதாகத் தாண்டிவிடும்.

இங்கே மூன்று அளவு எடுக்க வேண்டும். மூன்றும் மதியம், அடுத்தடுத்து. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மீட்டர் போர்டில் வோல்டேஜ். இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது அதே மீட்டர் போர்டில் வோல்டேஜ். அதே நேரத்தில் மாடியில் இன்வெர்ட்டர் டெர்மினலில் வோல்டேஜ். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஈபி லைனால் வருவது. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சொந்த கேபிளால் வருவது.

சொந்த கேபிளைப் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 5 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் என்றால் சுமார் 21.7 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் வரை 40 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போக வர 80 மீட்டர், ஆக 0.37 ஓம். 21.7 ஆம்பியரால் பெருக்கினால் 8 வோல்ட். மீட்டரில் 246 இருக்கும்போது இன்வெர்ட்டர் 254-ஐப் பார்க்கிறது, நின்றுவிடுகிறது. ஈபியில் ஒரு குறையும் இல்லை. அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 3.2 வோல்ட்தான் ஏறும், இன்வெர்ட்டர் 249-ல் நிம்மதியாக ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் அந்த ஆம்பியரைத் தாங்கும் என்று சொல்வது சரிதான். ஆனால் சோலாருக்கு ஒயர் தேர்ந்தெடுக்கும்போது சூடு தாங்குமா என்பதைவிட எத்தனை வோல்ட் ஏறும் என்பதே முக்கியம். மாடியில் கேபிளில் மிச்சம் பிடித்த காசு, ஒவ்வொரு மதியமும் யூனிட்டாகப் போய்க்கொண்டிருக்கும்.

கேபிள் சரி, மீட்டரிலேயே 252, 254 என்று நிற்கிறது என்றால் அடுத்து ஃபேஸைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டரை ஆர் ஃபேஸில் போட்டுவிட்டு, ஏசியும் மோட்டாரும் மற்ற ஃபேஸில் இருக்கும். தெருவில் நான்கு வீட்டு சோலாரும் ஒரே ஃபேஸில் விழுந்திருந்தால் அந்த ஃபேஸ் மட்டும் மதியம் ஏறி நிற்கும். "அண்ணே, உங்க வீட்டுக்கு மட்டும் வோல்டேஜைக் குறைக்க முடியாது. ஃபேஸ் மாத்திப் போட்டுத் தர்றேன், ரெண்டு நாள் பாருங்க" என்று லைன்மேன் சொன்னால் அது தட்டிக்கழிக்கும் பேச்சு அல்ல, சரியான யோசனை. தெரு முழுக்க உயர்ந்திருந்தால்தான் டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் இணைப்பு) பற்றிக் கேட்க வேண்டும். டேப் வசதி உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் 2.5 சதவீத ஒரு படி இறக்கினால் 6 வோல்ட் குறையும். ஆனால் சாயங்காலம் லைன் கடைசியில் உள்ள வீடுகளுக்கும் அதே 6 வோல்ட் குறையும் என்பதை ஈபி யோசிக்கத்தான் செய்யும்.

ஒரு ஃபேஸ் 260, இன்னொன்று 200 என்று காட்டினால் சோலாரை மறந்துவிடுங்கள். நியூட்ரல் லூஸ், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவான ஒயர் கழன்றிருக்கிறது. உடனே மெயினை இறக்கிவிட்டு ஈபிக்குச் சொல்லுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிவதற்கு முன் வரும் எச்சரிக்கை அது.

இனி இன்வெர்ட்டருக்குள்ளே உள்ள கட்டுப்பாடு. வோல்டேஜ் ஏறும்போது ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் லைனுக்கும் கருவிக்கும் இடையே போய் வரும் மின்சாரம், அளவு வார்) உறிஞ்சி அடக்குவது ஒரு முறை, வோல்ட் வார் என்பார்கள். உற்பத்தியையே படிப்படியாகக் குறைப்பது இன்னொரு முறை, வோல்ட் வாட். வோல்ட் வாரில் பெரும்பாலும் யூனிட் இழப்பு இல்லை என்பதால் அதையே எல்லோரும் முதலில் கேட்பார்கள். நம் தெரு லைனில் அதன் பலன் குறைவு. வோல்டேஜ் உயர்வு என்பது ஏறத்தாழ வாட்டை ரெசிஸ்டன்ஸாலும் வாரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டி வோல்டேஜால் வகுத்தால் வருவது. ரெசிஸ்டன்ஸ் ஒயரின் சாதாரணத் தடை, ரியாக்டன்ஸ் ஏசி அலைக்கு மட்டும் வரும் தடை. லைன் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓம், ரியாக்டன்ஸ் 0.1 ஓம் என்று வையுங்கள். 5,000 வாட் ஏற்றும் உயர்வு 6.5 வோல்ட். பவர் ஃபேக்டரை (மொத்த மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கை) 0.9-க்கு இறக்கி 2,400 வார் உறிஞ்சினாலும் திரும்பக் கிடைப்பது 1 வோல்ட்தான். ஹெச்டி (உயர் அழுத்த) லைனில் ரியாக்டன்ஸ் ஓங்கி இருப்பதால் வோல்ட் வார் நன்றாக வேலை செய்யும். வீட்டு லைனில் வோல்ட் வாட்டையும் சேர்த்தே ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் 20 சதவீதம் குறைவாக ஓடுவது, அடிக்கடி முழுதாக நின்று, லைன் 60 விநாடி நிலையாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மெல்ல ஏறுவதைவிட எவ்வளவோ மேல்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. செட்டிங்கில் போய் மேல் எல்லையை 270, 280 என்று தள்ளிவைப்பது. பிழை காட்டாது, வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த வோல்டேஜ் அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்கும் சேர்த்துத்தான் போகிறது. பல வீடுகளில் எல்இடி பல்பும் செட் டாப் பாக்ஸும் அடிக்கடி போவதற்குக் காரணம் தேடினால் மாடியில் ஒரு மாற்றப்பட்ட செட்டிங் இருக்கும்.

'ஃப்ரீக்வென்சி' பிழை

தென்னிந்திய கிரிட் 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக மற்ற இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து சோழவந்தானிலும் டெல்லியிலும் ஃப்ரீக்வென்சி ஒன்றுதான். இன்வெர்ட்டர் விலக வேண்டிய எல்லை 47.5-க்குக் கீழே அல்லது 50.5 ஹெர்ட்ஸுக்கு மேலே. கிரிட் உண்மையிலேயே அங்கே போயிருந்தால் நாடு முழுக்க இருட்டாகும் நிலைமை, செய்தியில் வந்திருக்கும். ஆக உங்கள் தோட்டத்து இன்வெர்ட்டர் மட்டும் தினமும் ஃப்ரீக்வென்சி பிழை காட்டினால், ஃப்ரீக்வென்சி மாறவில்லை. இன்வெர்ட்டர் அதைத் தவறாக அளக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது வந்தால் மட்டும் அது உண்மையான மாற்றம், ஜெனரேட்டர் இன்ஜினின் வேகத்தைக் காக்கும் கவர்னரைப் பாருங்கள்.

ஏன் தவறாக அளக்கிறது? உள்ளே பிஎல்எல் என்று ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. லைன் அலை இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. மூன்று ஃபேஸ் வோல்டேஜையும், பார்க் என்பவர் 1929-ல் மோட்டார், ஜெனரேட்டர் கணக்குகளுக்காகத் தந்த மாற்றத்தைக் கொண்டு, கூடவே சுழலும் இரண்டு அச்சுகளில் எழுதும். அவற்றில் ஒன்று சுழியாகும்வரை தன் கோணத்தைத் திருத்தும். திருத்தும் வேகம்தான் அது சொல்லும் ஃப்ரீக்வென்சி. பக்கத்தில் 10 குதிரைத்திறன் போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்குவதோடு அலையின் கோணமும் சட்டென்று நகரும். பிஎல்எல் அந்தக் கோணத்தைப் பிடிக்கத் துரத்தும்போது, சில அலைகளுக்கு அதன் கணக்கில் ஃப்ரீக்வென்சி 51, 52 என்று எகிறும். வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்திலும் இதே கதை.

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத் தோப்புகளில் இன்னொன்றும் உண்டு. இரண்டு ஃபேஸ் மட்டும் இருக்கும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டுவார்கள். லைன் சமநிலை கெட்டுவிடும். சமநிலை கெட்ட லைனைச் சாதாரண பிஎல்எல் பார்த்தால் அதன் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் நடுக்கம் வரும். இன்வெர்ட்டர் கரண்ட்டிலும் அந்த நடுக்கம் ஏறும். சரியான திசையில் சுழலும் பகுதியையும் (நேர் வரிசை) எதிர்த் திசையில் சுழலும் பகுதியையும் (எதிர் வரிசை) தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் பிஎல்எல் உள்ள மாடல்கள் இதைத் தாங்கும். கிராமத்து லைனுக்கு வாங்கும்போது கடையில் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. விலைப்பட்டியலில் இது இருக்காது, டெக்னிக்கல் ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

மோட்டாரும் வெல்டிங்கும் இல்லாத நேரத்திலும் வருகிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். ஆப்பில் உற்பத்தியை 50 சதவீதமாகக் கட்டுப்படுத்தி இரண்டு மூன்று வெயில் நாள் விடுங்கள். பிழை நின்றுவிட்டால் லைன் மெலிந்தது என்று பொருள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இருக்கும்போது இன்வெர்ட்டர் செலுத்தும் கரண்ட்டே லைன் வோல்டேஜை அசைக்கிறது. அசைந்த வோல்டேஜைப் பார்த்து பிஎல்எல் கோணத்தை மாற்றுகிறது, கோணம் மாறியதால் கரண்ட் மாறுகிறது, மறுபடி வோல்டேஜ் அசைகிறது. ஆட்டம் அடங்குவதற்குப் பதில் வளர்கிறது. கம்பெனி சர்வீஸ் ஆள் பிஎல்எல் வேகத்தைக் குறைத்துத் தர முடியும். வீக் கிரிட் என்ற பெயரில் சில மாடல்களில் தயாராகவே ஒரு தேர்வு இருக்கும். வேகத்தைக் குறைத்தால் உண்மையான கோளாறை உணர்வதும் சற்றுத் தாமதமாகும் என்பதால், அதைக் கம்பெனி ஆள் செய்வதுதான் முறை. நிரந்தரத் தீர்வு தடித்த கண்டக்டர், அல்லது மூன்று ஃபேஸுக்கு மாறுவது.

மழை பெய்த மறுநாள் காலை 'ஐசொலேஷன்' பிழை, பத்து மணிக்குத் தானாகச் சரி

ஐப்பசி, கார்த்திகையில் வரும் புகார். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை இன்வெர்ட்டர், தினமும் காலையில் லைனோடு சேரும் முன், பேனல் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு ஓம் இருக்கிறது என்று பார்க்கும். ஈரத்தில் அது குறைந்தால் சேராது. வெயில் காய்ந்ததும் ஓம் ஏறும், சேர்ந்துகொள்ளும். "தானா சரியாயிடுது, விடுங்க" என்று விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அது நிரந்தரக் கோளாறாகும், சில நேரம் தீயாகவும் ஆகும்.

மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று பேனல் பேனலாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. பிழை இருக்கும்போதே, காலையில், டிசியை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு மூன்று அளவு எடுங்கள். 10 பேனலை வரிசையாகக் கோத்த ஸ்ட்ரிங், ஒவ்வொன்றும் 40 வோல்ட் என்றால் பிளஸ் மைனஸ் நடுவில் 400. பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 280, மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 120 என்று நிலையாகக் காட்டினால், ஒழுகல் மைனஸ் முனையிலிருந்து 120-ஐ 40-ஆல் வகுத்த இடம். மூன்றாம் பேனலுக்கும் நான்காம் பேனலுக்கும் நடுவில் உள்ள கனெக்டருக்கு நேராகப் போகலாம். நல்ல ஸ்ட்ரிங்கில் எர்த்துக்கு நேரே வைத்த அளவு நிலைக்காமல் மெல்ல இறங்கிச் சுழி பக்கம் போகும்.

அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வெவ்வேறு கம்பெனி எம்சி4 ஆணையும் பெண்ணையும் சேர்த்து மாட்டியது. பார்க்கப் பொருந்தும், தண்ணீர் உள்ளே போகும். கனெக்டர் தரையில் கிடந்து மழைநீரில் ஊறியது. ஸ்ட்ரக்சரின் கூர் விளிம்பில் ஒயர் உரசித் தோல் போனது. அழகர்கோவில் பக்கம் குரங்கு ஒயரை இழுத்துவிடும், மற்ற இடங்களில் அணில் கடிக்கும். டேப் சுற்றிச் சரி செய்யாதீர்கள், அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, ஒரே கம்பெனி கனெக்டரைச் சரியான கிரிம்பிங் கருவியால் போடுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, ஏசி பக்கம் போட்ட 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) மழை நாளில் விழுவது. நனைந்த பேனல் பெரிய கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும், சின்னக் கசிவு எப்போதும் இருக்கும். இன்வெர்ட்டருக்குள்ளேயே கசிவைப் பார்க்கும் பாதுகாப்பு உண்டு. வெளியே எந்த வகை, எத்தனை மில்லிஆம்பியர் என்பதைக் கையேட்டில் பார்த்துப் போட வேண்டும்.

விசில் சத்தம், காரணமில்லாமல் 'ஓவர் கரண்ட்'

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேங்க் உள்ள இடங்களில் கவனிக்க வேண்டியது. இன்வெர்ட்டர் வாசலில் காயில், கெப்பாசிட்டர், காயில் என்று எல்சிஎல் ஃபில்டர் இருக்கும். அது தானாக அதிரும் ஒரு அதிர்வெண் உண்டு. வடிவமைப்பவர்கள் அதை 50 ஹெர்ட்ஸின் பத்து மடங்குக்கு மேலும், சுவிட்சிங் வேகத்தின் பாதிக்குக் கீழும் வைப்பார்கள். ஆனால் லைனின் இண்டக்டன்ஸும் தொழிற்சாலை கெப்பாசிட்டரும் சேரும்போது அந்த இடம் நகர்ந்துவிடும். கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் உட்சுற்று அந்த அதிர்வெண்ணை அடக்குவதற்குப் பதில் ஊட்டிவிட்டால் விசில் கேட்கும், கரண்ட் அலை முள் முள்ளாகும்.

ஏபிஎஃப்சி பேனலில் (கெப்பாசிட்டரைத் தானாகச் சேர்த்தும் எடுத்தும் பவர் ஃபேக்டரைக் காக்கும் பெட்டி) கெப்பாசிட்டர் படிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் காது கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட படியில் சத்தம் நின்றால் ஆள் கிடைத்துவிட்டது. அந்தக் கெப்பாசிட்டருக்கு டீட்யூன்டு ரியாக்டர் (அதிரும் இடத்தைத் தள்ளிவைக்கும் காயில்) போட வேண்டும். ஒரே மாதிரி இன்வெர்ட்டர்கள் வரிசையாக இருந்தால் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, எத்தனையாவது சேரும்போது சத்தம் தொடங்குகிறது என்று குறித்துக் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

காலை ஏழு மணிக்கு ஹார்மோனிக்ஸ் (அலையின் வடிவம் கெடும் அளவு) சதவீதம் அதிகமாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். கரண்ட்டே கொஞ்சம் என்பதால் சதவீதம் பெரிதாகத் தெரியும். முழு உற்பத்தியில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் விழுந்துவிட்டது

மேலூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருப்பவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி: யூனிட் குறைந்தது, ஆனால் பவர் ஃபேக்டர் 0.95-லிருந்து 0.6-க்கு வந்துவிட்டது, கூடுதல் கட்டணம் வருகிறது, சோலார்க்காரர் ஏமாற்றிவிட்டாரா? யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு இது.

பட்டறை லோடு 80 கிலோவாட், 0.95-ல் ஓடுகிறது என்றால் கூடவே 26 கிலோவார் இழுக்கிறது. சோலார் 60 கிலோவாட் தருகிறது, யூனிட்டி பவர் ஃபேக்டரில், அதாவது வாட் மட்டும் தருகிறது, வார் தருவதில்லை. ஈபியிலிருந்து வருவது இப்போது 20 கிலோவாட்டும் பழைய 26 கிலோவாரும். இரண்டும் சேர்ந்த மொத்தம் 33 கேவிஏ. 20-ஐ அதனால் வகுத்தால் 0.61. மோட்டார்கள் முன்பு இழுத்த அதே வாரைத்தான் இழுக்கின்றன. வாட் குறைந்ததால் விகிதம் கெட்டது.

முதலில் ஏபிஎஃப்சி ரிலேயின் சிடி (கரண்ட்டை அளக்கும் வளையம்) எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சோலார் சேரும் இடத்துக்குப் பிறகு, லோடு பக்கம் இருந்தால் ரிலே இன்னும் 0.95-ஐயே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அதை ஈபி லைன் உள்ளே வரும் இன்கமருக்கு நகர்த்துங்கள். ஞாயிறு போல லோடு குறைந்த நாளில் மின்சாரம் வெளியே போகும் என்றால் நான்கு கால்பகுதியையும், அதாவது வாட்டும் வாரும் எந்தத் திசையில் போனாலும், புரிந்துகொள்ளும் ரிலேயாக இருக்க வேண்டும். சாதாரண ரிலே எக்ஸ்போர்ட் நேரத்தில் குழம்பி, கெப்பாசிட்டரைத் தேவையில்லாமல் போட்டும் எடுத்தும் விளையாடும்.

இரண்டாவது வழி, இன்வெர்ட்டரையே வார் தரச் சொல்வது. 60 கிலோவாட்டோடு 26 கிலோவாரும் தர 65.5 கேவிஏ போதும். 75 கேவிஏ இன்வெர்ட்டர் போட்டிருந்தால் ஒரு யூனிட்டும் இழக்காமல் தந்துவிடும். 60 கேவிஏ போட்டிருந்தால் உச்சி வெயிலில் வாட்டைக் குறைத்துத்தான் வார் தர முடியும். புதிதாகப் போடுபவர்கள் இன்வெர்ட்டர் அளவை முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

வெளியே அனுப்பாமல் அடக்கும் ஜீரோ எக்ஸ்போர்ட் அமைப்பில் உற்பத்தி எப்போதும் சுழி பக்கமே கிடந்தால் சிடி திரும்பி மாட்டப்பட்டிருக்கும். உள்ளே வருவதை வெளியே போவதாக எண்ணி இன்வெர்ட்டர் அடங்கிக் கிடக்கும். அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள்.

பிழை இல்லை, ஆனால் யூனிட் குறைவு

ஆப்பில் மேகமில்லாத ஒரு நாளின் கிராஃபைத் திறங்கள். வடிவமே சொல்லிவிடும். மேலே தட்டையாக வெட்டினாற்போல் இருந்தால் பேனல் அளவு இன்வெர்ட்டரைவிடப் பெரியது, அது இயல்பு. ரம்பப் பல் போல விழுந்து விழுந்து ஏறினால் மேலே சொன்ன வோல்டேஜ் கதை. தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் தண்ணீர்த் தொட்டி அல்லது தென்னை நிழல். நிழல் விழுந்தால் பவருக்கு இரண்டு உச்சிகள் உண்டாகும். உச்சியைத் தேடும் எம்பிபிடி கட்டுப்பாடு சின்ன உச்சியிலேயே நின்றுவிடக்கூடும். நிழல் தேடல் என்று ஒரு செட்டிங் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

ஒரு மணியிலிருந்து மெல்லச் சரிந்து, நான்கு மணிக்குக் கொஞ்சம் நிமிர்ந்தால் அது சூடு. அக்னி நட்சத்திரத்தில் தகர ஷெட்டுக்குள், மேற்குச் சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைக் குறைக்கும். பின்னால் உள்ள ஃபின்னில் புழுதியும் சிலந்தி வலையும் அடைத்திருக்கும், பிரஷ்ஷால் தட்டுங்கள், நிழலுக்கு மாற்றுங்கள். பேனல் தன் பங்குக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறைவாகத் தரும். 65 டிகிரியில் அது 25 டிகிரியைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, அதைப் பிழையாகக் கணக்கில் வைக்க வேண்டாம்.

குளிரில் நேர்மாறாக வோல்டேஜ் ஏறும். மதுரையில் சரியாக ஓடிய 13 பேனல் ஸ்ட்ரிங் கணக்கை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் காலையில் 'டிசி ஓவர் வோல்டேஜ்' வரும். 45 வோல்ட் பேனல் 13 என்றால் 25 டிகிரியில் 585. டிகிரிக்கு 0.3 சதவீதம் ஏறினால் 8 டிகிரியில் 615. இன்வெர்ட்டரின் எல்லை 600 என்றால் அது பிழையோடு நிற்காது, உள்ளே சேதமாகும். ஒரு பேனலைக் குறையுங்கள்.

ஈபியிடம் போகும்போது

"வோல்டேஜ் ஜாஸ்தியா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னால், அவர்கள் வந்து பார்ப்பது மாலை ஐந்து மணியாக இருக்கும், மீட்டரில் 228 காட்டும், திரும்பிப் போய்விடுவார்கள். மதியம் எடுத்த மூன்று அளவையும், தேதி நேரத்தோடு, இன்வெர்ட்டர் நிறுத்தியிருந்தபோதும் ஓடும்போதும் என்று பிரித்து எழுதுங்கள். கிராஃபின் படத்தை இணையுங்கள். கம்பத்தின் எண், டிரான்ஸ்ஃபார்மர் பெயர், உங்கள் சர்வீஸ் எண், எந்த ஃபேஸ் என்பதையும் சேருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.